குற்றமற்ற நாயின் கல்லறை: கினிஃபோர், கெலெர்ட் தொன்மங்கள் குறித்த வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தையைக் காத்த விலங்கு, குழந்தையைக் கொன்றதாகத் தவறாகக் கருதப்பட்டுத் தலைவனாலோ தலைவியாலோ கொல்லப்படும் கதை, இந்தியா முதல் வேல்ஸ் வரை வழங்கிவருகிறது. இந்தியக் கதைகளில் கீரியாக இருந்த அவ்விலங்கு, மேற்கே சென்றபோது நாயாயிற்று. இக்கதை பிரான்சின் தோம்ப் பகுதியில் கினிஃபோர் என்னும் நாயின் வழிபாடாகவும், வேல்ஸின் பெத்கெலெர்ட் என்னும் சிற்றூரில் கெலெர்ட் என்னும் நாயின் கல்லறையாகவும் நிலைபெற்றது. சிலப்பதிகாரத்தில் இதே கதை கழுவாய் தேடும் கதையாக அமைந்துள்ளது. கதையின் மூலத்தைத் தேடுவதோடு நில்லாமல், கொலைக்குப் பின் ஒவ்வொரு சமூகமும் என்ன செய்தது என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. எடுத்தனூர், ஆதகூர் ஆகிய ஊர்களின் நாய் நடுகற்கள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கினிஃபோர், கெலெர்ட், கீரிப்பிள்ளைக் கதை, பஞ்சதந்திரம், சிலப்பதிகாரம், நடுகல், நாட்டார் வழிபாடு.

முன்னுரை

உலகத் தொன்மங்களில் நாய்க்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, இறந்தோர் உலகின் வாயில். கிரேக்கரின் கெர்பெரோசும், இருக்கு வேதம் கூறும் யமனுடைய நான்கு கண் நாய்கள் இரண்டும் அவ்வாயிலையும் வழியையும் காப்பவை. மற்றொன்று, மனிதனின் வீட்டு வாயில். இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஒடிசியசை அடையாளம் கண்டு உயிர்விட்ட ஆர்கோசும், தருமபுத்திரனோடு இறுதிவரை நடந்த நாயும் இவ்விரண்டாம் வகையின. முதல் வகை நாய் அச்சத்துக்குரியது. இரண்டாம் வகை நாய் நன்றிக்குரியது.

இரண்டாம் வகைக் கதைகளுள் ஒன்று மட்டும் மனிதனைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. நாய் தன் கடமையைச் செய்கிறது. மனிதன் அதைக் கொல்கிறான். பின்னர் உண்மை தெரிகிறது. நாட்டார் கதைகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் இது 178ஏ என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. முன்னர் 'லுவெலினும் அவன் நாயும்' எனப்பட்ட அவ்வகை, திருத்திய பதிப்பில் 'குற்றமற்ற நாய்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இக்கதையை ஆராய்ந்தோர் பலரும் அதன் பிறப்பிடத்தையே தேடினர். 1859இல் பஞ்சதந்திரத்தை ஜெர்மானிய மொழியில் பெயர்த்த தியோடோர் பென்ஃபை, ஐரோப்பியக் கதைகள் பலவற்றின் மூலம் இந்தியா என்னும் கருத்தை விரிவாக நிறுவ முயன்றார். அவரைத் தொடர்ந்து சபைன் பேரிங்-கூல்ட், ஜோசப் ஜேக்கப்ஸ் முதலியோர் இக்கதையின் மேற்குநோக்கிய பயணத்தை எழுதினர். மூலம் தேடும் இவ்வாய்வுகள், கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை தருகின்றன. வந்த இடத்தில் மக்கள் அதை ஏன் தம் ஊரில் நடந்த நிகழ்ச்சியாகவே நம்பினர் என்பதற்கு அவை விடை தருவதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

கீரி நாயாகிய வழி

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதி, ஆராயாமல் செய்யும் செயலின் கேட்டைப் பேசுவது. பார்ப்பனி ஒருத்தி தன் மகனோடு கீரிக்குட்டி ஒன்றையும் பிள்ளைபோல் வளர்க்கிறாள். நீர் எடுக்கச் சென்று திரும்பும் அவள், வாயில் குருதியோடு எதிர்கொள்ளும் கீரியைக் கண்டு, அது தன் மகனைக் கொன்றுவிட்டது என முடிவுசெய்து குடத்தை அதன்மேல் போட்டுக் கொல்கிறாள். உள்ளே குழந்தை நலமாக இருக்கிறது. அருகே பாம்பு துண்டாகிக் கிடக்கிறது. சில பாடங்களில் கொல்பவள் தாய். வேறு சிலவற்றில் தந்தை.

ஆறாம் நூற்றாண்டில், பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோவின் காலத்தில், பஞ்சதந்திரக் கதைகள் பகலவி மொழிக்குச் சென்றன. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அவற்றைக் 'கலீலா வ திம்னா' என அரபியில் தந்தார். பின்னர் எபிரேயம், இலத்தீன் வழியாக அவை ஐரோப்பாவை அடைந்தன. இது ஒரு வழி.

மற்றொரு வழி சிந்துபாத் கதைத்தொகுதி. மாற்றாந்தாயால் பழிசுமத்தப்பட்ட இளவரசனைக் காக்க, அறிஞர்கள் அரசனுக்கு நாளொரு கதை கூறி மரண தண்டனையைத் தள்ளிப்போடுவது இதன் சட்டகம். பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சிரியாக் மொழியிலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட 'சிந்திபாஸ்', 1253இல் அரபியிலிருந்து காஸ்தீலியத்துக்கு வந்த நூல், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் எழுதப்பட்ட 'தோலோபத்தோஸ்' ஆகியவற்றில் குழந்தையைக் காக்கும் விலங்கு நாயாகவே உள்ளது. தண்டனைக்கு முன் விசாரணை வேண்டும் என அரசனுக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. ஆதலால் இத்தொகுதி சென்ற இடமெல்லாம் நாய்க்கதையும் சென்றது.

விலங்கு மாறியதற்கு, மேலை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கீரி இல்லை என்பது எளிய காரணம். ஆயினும் இம்மாற்றத்தால் கதையின் பொருளும் மாறியது என்பது நோக்கத்தக்கது. கீரி பாம்புக்கு இயற்கைப் பகை. அது பாம்பைக் கொல்வதில் வியப்பில்லை. தன் இயல்பின்படி நடக்கிறது. தாய் அதை ஐயுறுவதற்கும் ஓரளவு இடமுண்டு. எவ்வளவு வளர்த்தாலும் அது காட்டு விலங்கு. நாயின் நிலை வேறு. அது பாம்பை எதிர்ப்பது பகையால் அன்று, தலைவன்பால் கொண்ட பற்றால். அதை ஐயுறுவதற்கும் காரணமில்லை. எனவே கீரிக் கதையில் அறிவுக்குறையாக இருந்த தவறு, நாய்க்கதையில் நம்பிக்கைத் துரோகமாக வளர்கிறது. கீரியைக் கொன்றவர் ஆராயாதவர். நாயைக் கொன்றவரோ நன்றி மறந்தவருமாவார்.

கிரேக்கச் சான்று ஒன்று இவ்வரலாற்றைச் சிக்கலாக்குகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பௌசானியாஸ், ஃபோக்கிஸ் பகுதியின் ஓர் ஊருக்கு 'ஒஃபிதேயா' என்னும் பெயர் வந்த கதையைக் குறிக்கிறார். தலைவன் ஒருவன் பகைவருக்கு அஞ்சித் தன் குழந்தையைக் கலம் ஒன்றில் வைத்து மறைத்தான். ஓநாய் ஒன்று குழந்தையை அணுகியது. பாம்பு ஒன்று கலத்தைச் சுற்றிக்கொண்டு காத்தது. தந்தை வந்து, பாம்பே கொல்ல வந்ததெனக் கருதி ஈட்டியை எறிந்தான். பாம்போடு குழந்தையும் இறந்தது. ஆயர் வாயிலாக உண்மை அறிந்தவன், இரண்டையும் ஒரே சிதையில் இட்டான். பாம்பின் பெயரே ஊருக்கு ஆயிற்று. இங்கே பாம்பு காவலன். காவல் விலங்கு எதுவாயினும், அவசரக் கொலையும் அதன்பின் எழும் நினைவிடமும் மாறவில்லை. ஒரே மூலத்திலிருந்து எல்லாம் கிளைத்தன எனக் கூறுவதில் எச்சரிக்கை தேவை என்பதை இச்சான்று உணர்த்துகிறது.

சிலப்பதிகாரத்தில் கழுவாய்

தமிழில் இக்கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இடம்பெறுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காணும் மாடலன் என்னும் மறையோன், கோவலன் முன்னர்ச் செய்த நற்செயல்களை நினைவூட்டும்போது இதைச் சொல்கிறான். கீரியைக் கொன்ற பார்ப்பனியோடு வாழ்தலும் அவள் கையால் உண்ணுதலும் தகாது என அவள் கணவன் வடதிசை நோக்கிச் செல்கிறான். செல்லும்போது வடமொழி வாசகம் எழுதிய ஏடு ஒன்றை அவள் கையில் கொடுத்து, அதன் பொருள் உணர்ந்தோரிடம் காட்டச் சொல்கிறான். அவள் அதை ஏந்தி வணிகர் தெருக்களில் முறையிட்டுத் திரிகிறாள். கோவலன் அவளை அழைத்து, ஏட்டைப் படித்தறிந்து, பாவம் நீங்குதற்குரிய தானத்தைச் செய்து, கணவனையும் மீட்டுக்கொணர்ந்து, இருவரும் வாழப் பொருளும் அளிக்கிறான்.

பஞ்சதந்திரம் நின்ற இடத்திலிருந்து சிலப்பதிகாரம் தொடங்குகிறது. கீரி பாம்பைக் கொன்றதையோ குழந்தை பிழைத்ததையோ இளங்கோவடிகள் விரிக்கவில்லை. படிப்போர் அறிந்த கதை என்னும் கருத்தோடு அதைக் கடந்து செல்கிறார். கொலைக்குப் பின் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகிறது என்பதே காப்பியத்தின் அக்கறை. குற்றத்தின் சுமை முழுவதும் அவள்மேல் விழுகிறது. அதை இறக்கிவைக்க அவளிடம் பொருளும் இல்லை. ஏட்டைப் படிக்கும் மொழியும் இல்லை. இரண்டையும் ஒரு வணிகன் தருகிறான்.

இக்கிளைக்கதை இடம்பெறும் இடமும் எண்ணத்தக்கது. ஆராயாமல் செய்த கொலைக்குக் கழுவாய் தேடித்தந்த கோவலனே, அடுத்த காதையில் ஆராயாத அரசனின் ஆணையால் கொல்லப்படுகிறான். சிந்துபாத் தொகுதியில் அரசனுக்கு எச்சரிக்கையாகக் கூறப்படும் கதை, இங்கே எச்சரிக்கப்படாத அரசனின் நகரத்து வாயிலில் கூறப்படுகிறது. பாண்டியனின் செவிக்கு அது எட்டவில்லை.

தோம்ப் நாட்டின் நாய்ப் புனிதர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே உள்ள தோம்ப் பகுதியில், எத்தியேன் தெ புர்போன் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி மறையுரை ஆற்றிவந்தார். அவர் சமயப் பிறழ்வுகளை விசாரிக்கும் பொறுப்பும் உடையவர். பாவ அறிக்கை கேட்டபோது, பெண்கள் பலர் தம் குழந்தைகளைப் புனித கினிஃபோரிடம் கொண்டுசென்றதாகக் கூறினர். எத்தியேன் அதை ஏதோ ஒரு புனிதரின் திருத்தலம் என்றே முதலில் எண்ணினார். விசாரித்தபோது, கினிஃபோர் என்பது கிரேஹவுண்ட் வகை வேட்டைநாய் எனத் தெரியவந்தது.

ஊரார் அவருக்குச் சொன்ன கதை இது. வில்லார் பிரபுவின் ஆட்சிப்பகுதியில் கோட்டை ஒன்று இருந்தது. அதன் தலைவனும் தலைவியும் செவிலியும் வெளியே சென்றிருந்த வேளையில் பெரும்பாம்பு ஒன்று தொட்டிலை நோக்கி வந்தது. நாய் அதனோடு போராடிக் கொன்றது. போராட்டத்தில் தொட்டில் கவிழ்ந்தது. குருதியைக் கண்ட செவிலி அலறினாள், தாயும் அலறினாள், தலைவன் வாளால் நாயை வெட்டினான். பின்னரே குழந்தை உறங்குவதையும் பாம்பு கிழிந்து கிடப்பதையும் கண்டனர். வருந்திய அவர்கள், நாயைக் கோட்டை வாயிலின்முன் இருந்த கிணற்றில் இட்டு, மேலே கற்களைக் குவித்து, நினைவாக மரங்களும் நட்டனர். காலப்போக்கில் கோட்டை அழிந்து அவ்விடம் பாழாயிற்று. உழவர்கள் மட்டும் அந்நாயை மறக்கவில்லை. குற்றமின்றிக் கொல்லப்பட்டதால் அதைச் சமயத்துக்காக உயிர்நீத்த சான்றோர்க்கு இணையாக்கி, நோய்நீங்க வேண்டினர்.

பெண்கள் அங்கே செய்த சடங்கை எத்தியேன் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். நலிந்த குழந்தையைத் தாய் அவ்விடத்துக்குக் கொண்டுவருவாள். முறை அறிந்த மூதாட்டி ஒருத்தி உடன் வருவாள். உப்பு முதலியவற்றைப் படைத்து, குழந்தையின் துணிகளைப் புதர்களில் தொங்கவிட்டு, மரங்களில் ஆணி அடிப்பர். இரு மரங்களின் இடைவெளியில், ஒருபுறம் தாயும் மறுபுறம் மூதாட்டியும் நின்று, ஆடையற்ற குழந்தையை ஒன்பது முறை எறிந்து பிடிப்பர். நோயுற்ற இக்குழந்தை உங்களுடையது, எடுத்துக்கொண்டு, நீங்கள் கவர்ந்த எங்கள் நலமான குழந்தையைத் திருப்பித் தாருங்கள் என்று காட்டுத் தேவதைகளை வேண்டுவர். பின்னர் மரத்தடியில் தொட்டில் வைக்கோல்மேல் குழந்தையைக் கிடத்தி, தலைமாட்டின் இருபுறமும் விரற்கணு அளவிலான மெழுகுதிரிகளை ஏற்றி, அவை எரிந்து முடியும்வரை, குழந்தையைக் காணாத, அதன் குரல் கேட்காத தொலைவுக்கு விலகிச்செல்வர். திரி சரிந்து எரிந்துபோன குழந்தைகளும் உண்டு என எத்தியேன் கேள்விப்பட்டார். ஒரு தாய், காட்டிலிருந்து ஓநாய் வருவதைக் கண்டு ஓடிவந்து குழந்தையைக் காத்ததாக அவரிடம் கூறினாள். பிழைத்திருக்கும் குழந்தையை அருகிலுள்ள சலாரோன் ஆற்றின் கடுநீரில் ஒன்பது முறை அமிழ்த்தி எடுப்பர்.

எத்தியேன் அம்மக்களைக் கூட்டி மறையுரை ஆற்றினார். நாயின் எலும்புகளைத் தோண்டியெடுப்பித்தார். மரங்களை வெட்டி, எலும்புகளோடு சேர்த்து எரிப்பித்தார். இனி அங்குச் செல்வோரின் உடைமைகள் பறிமுதலாகும் என நிலவுரிமைப் பிரபுக்கள்வழி ஆணையும் பிறப்பிக்கச் செய்தார். பெண்கள் எவருக்கும் உடல் தண்டனை விதித்ததாக அவர் எழுதவில்லை.

எதிரியின் ஏட்டில் எளியோர் குரல்

கினிஃபோர் பற்றி மேற்கண்டவற்றையெல்லாம் அறிதற்கு உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சான்று, அவ்வழிபாட்டை அழித்தவரின் எழுத்தே. எழுத்தறியாத உழவர் மகளிர் சொன்னதை, அதைப் பிழையெனக் கருதிய துறவி, மறையுரைக்கான எடுத்துக்காட்டாக இலத்தீனில் எழுதிவைத்தார். காட்டுத் தேவதைகளைப் பேய்களென அவர் கொள்வது அவருடைய சமயநோக்கு. ஆயினும் மரங்கள், ஆணிகள், திரிகள், ஒன்பது என்னும் எண், மூதாட்டி வாழ்ந்த ஊரின் தொலைவு ஆகியவற்றை அவர் நுணுக்கமாகக் குறித்ததால்தான் அச்சடங்கு வரலாற்றுக்குக் கிடைத்தது.

1877இல் லெக்குவா தெ லா மார்ஷ் எத்தியேனின் கதைத்தொகுப்பை அச்சிட்டார். 1879இல் அப்பகுதி ஆவணக் காப்பாளர் வேஸியேர் அவ்விடத்தைத் தேடிச் சென்றபோது, ஊரார் அக்காட்டைப் புனித கினிஃபோரின் காடு என்றே அழைத்தனர். நோயுற்ற குழந்தைகளுக்காக அங்குச் செல்லும் வழக்கமும், கினிஃபோர் ஒரு நாய் என்னும் நினைவும் மறையாமல் இருந்தன. எலும்புகளும் மரங்களும் எரிந்து அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், நூல்வழி அன்றி வாய்மொழி வழியாகவே அது தொடர்ந்தது. இச்சான்றுகளை ஒருங்கே ஆராய்ந்து, ழான்-க்ளோத் ஷ்மித் 1979இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. இத்தாலியின் பாவியா நகரில் வழிபடப்பட்ட கினிஃபோர் என்னும் மனிதப் புனிதரின் பெயர், தோம்ப் பகுதியின் நாய்க்கதையோடு இணைந்த வகையையும் அவர் விளக்கினார்.

கதைக்கும் சடங்குக்கும் உள்ள உறவு நுட்பமானது. கதையில் ஒரு குழந்தை தொட்டிலில் தனித்து விடப்படுகிறது. சடங்கிலும் தாய் தன் குழந்தையைத் தனித்து விடுகிறாள். கதையில் பெற்றோர் இல்லாத நேரத்தில் நாய் காக்கிறது. சடங்கில் தாய் விலகும் நேரத்தில் அதே நாய் காக்க வேண்டும். மருத்துவம் எட்டாத, குழந்தை இறப்பு மிகுந்த ஒரு சமூகத்தில், பிழைக்குமா எனத் தெரியாத குழந்தையைக் கையில் வைத்திருந்த தாய்க்கு, தலைவனும் கோட்டையும் தராத துணையை அந்த நாய் தந்தது. பிரபுவின் கோட்டை அழிந்ததென்றும் நாயின் நினைவு நிலைத்ததென்றும் உழவர் சொன்ன கதைமுடிவை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். அதே வேளையில், அச்சடங்கில் குழந்தைகள் உயிரிழந்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. எத்தியேனின் சினத்துக்கு அதுவும் ஒரு காரணம். பெண்களின் நம்பிக்கையைப் போற்றி அவரைக் கொடியவராகவோ, அவரைப் போற்றிப் பெண்களை மூடராகவோ காட்டுதல் எளிது. இரண்டும் சான்றுக்கு முழு நீதி செய்வன அல்ல.

பெத்கெலெர்ட்: ஊர்ப்பெயரிலிருந்து கல்லறை

வேல்ஸ் நாட்டின் எரிரி மலைப்பகுதியில் உள்ள பெத்கெலெர்ட் என்னும் ஊர்ப்பெயருக்குக் கெலெர்ட்டின் கல்லறை என்பது பொருள். அங்கே ஆற்றங்கரைப் புல்வெளியில் மரத்தடியில் கற்கள் நிற்கின்றன. பலகைக்கல்லில் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை பொறிக்கப்பட்டுள்ளது. 1240இல் மறைந்த வேல்ஸ் இளவரசர் மாமன்னர் லுவெலின், வேட்டையிலிருந்து திரும்பியபோது, குருதி தோய்ந்த கெலெர்ட்டையும் கவிழ்ந்த தொட்டிலையும் கண்டு வாளால் அதைக் குத்தினார். அப்போது குழந்தையின் அழுகுரல் கேட்டது. அருகே பெரிய ஓநாய் ஒன்று இறந்து கிடந்தது. அதன்பின் அவர் முறுவலித்ததே இல்லை என்பது கதை. பாம்பின் இடத்தை இங்கே ஓநாய் பெற்றுள்ளது.

லுவெலின் வரலாற்று மாந்தர். இங்கிலாந்து மன்னர் ஜானின் மகளை 1205இல் மணந்தவர். அந்நாய் ஜான் மன்னர் தந்த பரிசு என்றும் கதை கூறும். கதைக்கு வரலாற்றுத் தோற்றம் தருவன இவ்விவரங்கள். ஆயினும் ஊர்ப்பெயரில் உள்ள கெலெர்ட், அப்பகுதியில் முற்காலத்தில் வாழ்ந்த துறவி ஒருவரின் பெயராதல் வேண்டும் என்பதே ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. அவ்வூரில் பழமையான துறவிமடம் ஒன்று இருந்தமை இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. வேட்டைநாயைக் கொன்றவன்போல் வருந்துதல் என்னும் பொருளுடைய பழமொழி வேல்ஸ் மொழியில் உண்டு. எனவே கதை அந்நாட்டுக்குப் புதிதன்று; அதை இவ்வூரோடும் லுவெலினோடும் பிணைத்ததே புதிது.

டி. இ. ஜென்கின்ஸ் 1899இல் வெளியிட்ட ஊர் வரலாற்று நூல் இப்பிணைப்பின் பின்னணியைத் தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென்வேல்ஸிலிருந்து வந்து, இவ்வூரின் ஆட்டு விடுதியை நடத்திய டேவிட் பிரிச்சர்ட், தான் அறிந்த நாய்க்கதையை ஊர்ப்பெயரோடு இணைத்து, வேறு சிலர் துணையோடு அக்கற்களை நிறுத்தினார். மலைவளம் காணப் பயணிகள் பெருகிய காலம் அது. 1800இல் வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் இயற்றிய கதைப்பாடல் கெலெர்ட்டின் புகழை ஆங்கிலம் வழங்கும் இடமெல்லாம் பரப்பியது. பின்னர் வந்தோர் பாடலைப் படித்துவிட்டுக் கல்லறையைக் காண வந்தனர். கல்லறையைக் கண்டு பாடலை உண்மையென நம்பினர்.

கினிஃபோரின் எலும்புகளை எரித்தும் வழிபாடு அழியவில்லை. எலும்பே இல்லாத கெலெர்ட்டின் கல்லறையோ அழியாமல் நிற்கிறது. கினிஃபோரை நிலைநிறுத்தியது தாயரின் தேவை. கெலெர்ட்டை நிலைநிறுத்தியது பயணிகளின் இரக்கமும் விடுதியாளரின் வணிகமும். வணிகத்தால் எழுந்த கல் என்பதால் அதன்முன் நின்று கண்கலங்குவோரின் உணர்வு பொய்யாகிவிடாது. ஆனால் அவ்வுணர்வு லுவெலின் காலத்துக்குச் சான்றாகாது.

கல்வெட்டு கூறும் நாய்கள்

நாய்க்குக் கல் எடுத்தல் கதையில் மட்டும் நிகழ்ந்ததன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்ட அக்கல்லில், அவன் அருகே அவனுடைய நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றமையைக் கல்வெட்டுப் பெயர்சுட்டிக் கூறுகிறது.

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல்வெட்டு, தக்கோலப் போரை ஒட்டி, 949-50 காலப்பகுதியில் பொறிக்கப்பட்டது. அப்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்தான். அவ்வெற்றிக்குத் துணைநின்ற மணலேரன் என்னும் வீரன், கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டைநாயை. அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் இறந்தன. நாய்க்காகக் கல் நிறுத்தி, நிலமும் அளித்தனர். கல்லில் நாயும் பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

இவ்விரு கற்களும் நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே, நாயை அறிந்தோரால் எடுக்கப்பட்டவை. கோவிவனும் காளியும் வாழ்ந்த நாய்கள். அவற்றின் கல்வெட்டுகளில் தவறான ஐயமும் இல்லை, பிந்திய வருத்தமும் இல்லை. செயலும் பெயரும் மட்டுமே உள்ளன. மாறாக, சத்தீசுகர் மாநிலம் பாலோத் மாவட்டத்துக் கப்ரி ஊரில் உள்ள குக்குர்தேவ் கோயில், குற்றமற்ற நாயின் கதையோடு இணைந்தது. கடனுக்கு ஈடாகப் பஞ்சாரா ஒருவன் தன் நாயை வட்டிக்காரனிடம் விட்டுச் சென்றான். களவுபோன பொருளை நாய் காட்டிக்கொடுக்க, மகிழ்ந்த வட்டிக்காரன் கடன் தீர்ந்ததென எழுதிய ஓலையை அதன் கழுத்தில் கட்டி அனுப்பினான். நாய் தப்பியோடி வந்து தன் வாக்கைப் பொய்யாக்கியதெனக் கருதிய பஞ்சாரா அதைக் கொன்றான். பின்னரே ஓலையைக் கண்டான். அவ்விடத்தில் வழிபட்டால் நாய்க்கடி தீரும் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. தோம்ப் பகுதியைப்போலவே இங்கும் அநீதியாக இறந்த நாய், நோய் தீர்க்கும் ஆற்றலைப் பெறுகிறது.

இவ்வொப்பீட்டால் ஒரு வேறுபாடு புலனாகிறது. போரிட்டு இறந்த நாய்க்கு நடுகல்லும் பெயரும் கிடைக்கின்றன. குற்றமின்றித் தலைவனால் இறந்த நாய்க்கு வழிபாடு கிடைக்கிறது. வீரத்துக்குச் செலுத்துவது நன்றி. அநீதிக்குச் செலுத்துவது கடன். நன்றி ஒருமுறை கல் நட்டதும் நிறைவுறும். கடனோ தலைமுறைதோறும் தீராமல் தொடரும். தமிழகத்திலும் கொலையுண்ட எளியோர் பலர் தெய்வமாகி வழிபடப்படும் நாட்டார் மரபோடு இது ஒத்திருத்தல் தனி ஆய்வுக்கு உரியது.

முடிவுரை

குற்றமற்ற விலங்கின் கதை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. அதன்பின் நிகழ்வது இடந்தோறும் வேறு. சிலப்பதிகாரத்தில் கொலைசெய்தவளுக்குக் கழுவாய் உண்டு. இறந்த கீரிக்கு நினைவிடம் இல்லை. தோம்ப் பகுதியில் கொன்ற தலைவன் மறைந்துபோக, கொல்லப்பட்ட நாய் புனிதராகிறது. பெத்கெலெர்ட்டில் கொன்றவனின் துயரமும் நாயின் கல்லறையும் ஒருங்கே காட்சிக்குரியன ஆகின்றன. கழுவாய், வழிபாடு, நினைவுச்சின்னம் என்னும் இம்மூன்றும் ஒரே வினாவுக்கு மூன்று சமூகங்கள் தந்த விடைகள். திருத்த இயலாத தவற்றைச் செய்தபின் மனிதர் என்ன செய்வது என்பதே அவ்வினா.

கெலெர்ட்டின் கல்லறையில் நாய் இல்லை என்பதை நிறுவுவது வரலாற்று ஆய்வின் முதற்கடமை. அக்கல்லறை ஏன் தேவைப்பட்டது என வினவுவது அதன் அடுத்த கடமை. முதற்கடமையை மட்டும் செய்தால், தோம்ப் காட்டில் மெழுகுதிரி எரிந்து முடியும்வரை காத்திருந்த தாயர் மூடநம்பிக்கையின் எடுத்துக்காட்டாக மட்டுமே எஞ்சுவர். அடுத்ததை மட்டும் செய்தால், விடுதியாளர் நிறுத்திய கல்லும் எடுத்தனூர்க் கல்லும் ஒன்றாகிவிடும். கதையைக் கதையாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் கொண்டு, இரண்டையும் அவற்றை நம்பிய மக்களோடு வைத்து நோக்குதலே இவ்வகைத் தொன்மங்களை ஆராய்தற்கு உரிய நெறியாகும்.